சேலைதானே கட்டியிருக்கிறா, பிறகென்ன பிழை?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு காதல் பாட்டுக்கு வீடியோ செய்கிறோம். நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கைகளிலும் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் எடுத்தாயிற்று, இப்போது எடிட்டிங். பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் தங்கச்சி பார்த்துவிட்டு, "அண்ணா, இதில அந்த அக்கா ஒரு சாமான் மாதிரி நிக்கிறா. ஆண் பார்வை எண்டுறது இதைத்தான்" என்கிறாள். ஆபாசமாக ஒரு காட்சிகூட இல்லை. முழுக்கச் சேலைதான். என்ன பிழை என்று சொல்லுவீர்களா? திரும்ப எடுக்கக் காசில்லை.

பதில்: தம்பி, உங்கள் தங்கச்சி உடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இந்த இரண்டும் எப்போதும் குழம்பிப் போகும். பெண்ணை ஏன் இப்படிக் காட்டினாய் என்று கேட்டால், 'பண்பாட்டுக்கு ஏற்றமாதிரித்தானே எடுத்தேன்' என்று பதில் வரும். தலை குனிந்து, பூ வைத்து, கையில் அர்ச்சனைத் தட்டோடு வருகிற பெண்ணும் வெறும் காட்சிப்பொருளாக இருக்கலாம். யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது கமராவும் கத்தரியும்.

'ஆண் பார்வை' என்ற பேச்சைத் திரைப்படப் படிப்பில் பரப்பியது, பிரித்தானிய ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் 'ஸ்க்ரீன்' இதழில் எழுதிய கட்டுரை. பழைய ஹாலிவுட் படங்களை வைத்து அவர் சொன்னது இது: சினிமாவில் மூன்று பார்வைகள் இருக்கின்றன. கமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. முதல் இரண்டையும் படம் மறைத்துவிடும். நாயகனின் கண்ணே எங்கள் கண்ணாகிவிடும். கதையை நகர்த்துவது அவன். அவள் வந்தால் கதை கொஞ்சம் நின்று அவளைப் பார்க்கும். இதற்கு அவர் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து விளக்கம் எடுத்தார். அந்தப் பகுதி கொஞ்சம் கரடுமுரடு, எடிட்டிங் செய்கிறவருக்கு அவசியமும் இல்லை.

பாட்டு வீடியோவில் நிற்பதற்குக் கதையே கிடையாது. நாலு நிமிசமும் பார்ப்பதுதான் வேலை. உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை, ஆனால் இந்த வகைப் பாட்டுகளில் தொடக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும். மதகில் இருக்கிற பெடியன் நிமிர்கிறான். அவன் முகம் குளோசப்பில். அடுத்த ஷொட் கொலுசுக் கால். பிறகு வளையல் கை, பின்கழுத்தில் மல்லிகை, எல்லாம் ஸ்லோமோஷனில். முகம் கடைசியாக வரும், வந்ததும் கண் தாழும். அவனுக்கு முகம் முதலில் கிடைத்தது, அவளுக்குத் துண்டு துண்டாக உடம்பு கிடைத்தது. அவன் பார்த்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். அவள் என்ன பார்த்தாள்? அதற்கு ஒரு ஷொட்டும் இல்லை. சேலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அவள் அங்கே ஆளாக இல்லை.

சரி, எடுத்ததை வைத்தே என்ன செய்யலாம்? சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் பக்கத்தில் 'இது யாருடைய கண்' என்று மட்டும் எழுதுங்கள். டிரோன் ஷொட்டையும் விடாதீர்கள். அது யாருடைய கண்ணும் இல்லை என்று நினைப்போம், ஆனால் கடற்கரையில் தனியே நிற்கிறவளைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தால் அதுவும் பார்வைதான். எழுதி முடித்தால் அவளுடைய பெயருக்கு எத்தனை வருகிறது என்று தெரியும்.

அப்புறம் வரிசையை மாற்றுங்கள். முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தாலே பிறகு வரும் கையும் காலும் ஒரு ஆளுடையவை ஆகிவிடும். ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் இருவருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் இருவருக்கும் எடுங்கள். கசூரினாவில் எடுத்த கடலும் சவுக்கு மரங்களும் உங்களிடம் சும்மா கிடக்கும். அவள் முகத்துக்குப் பிறகு அதை வெட்டிப் போட்டால், அது அவள் பார்த்த கடலாகிவிடும். அதன் பிறகு அந்தப் பெடியன் தடுமாறி நிற்கிற ஷொட்டைப் போடுங்கள், இப்போது அவனைப் பார்ப்பது அவள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. டேக்குகளுக்கு நடுவே அந்தப் பிள்ளை மண்ணைத் தட்டிச் சிரித்தது பதிவாகியிருந்தால், அவவிடம் கேட்டு, சம்மதித்தால் சேருங்கள். நடிப்பைவிட அது பல நேரம் வடிவாக இருக்கும்.

அவன் மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்தொடர்ந்து போகிற காட்சி இருக்கிறதா? முதல் சரணத்தில் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், இரண்டாவதில் சிரித்துவிடுவாள். இருந்தால் நான் வெட்டிவிடுவேன். பின்னேர ரியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அது காதல் காட்சியாகத் தெரியாது.

அரை நாள் கிடைத்தால் ஒரே ஒரு காட்சி புதிதாக எடுங்கள். பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 1981இல் தொடங்கிய பின் வந்த பெண் பாடகிகளின் வீடியோக்களை ஆராய்ந்து லீசா லூயிஸ் என்பவர் 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட தெருவைப் பெண்கள் தங்களுடையதாக எடுத்துக்கொள்வதை அந்த வீடியோக்களில் அவர் கண்டார். எங்கள் தெருவில் பெண்கள் எப்போதோ சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், வீடியோக்களில்தான் இன்னும் வேலியோரம் நிற்கிறார்கள். அவளுக்குப் போக ஒரு இடமும் செய்ய ஒரு வேலையும் கொடுங்கள். சிநேகிதியோடு பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டியில் போனால்கூடப் போதும்.

ஒன்று, பயந்து காதலையே கழுவிவிடாதீர்கள். காதல் பாட்டில் பார்க்காமல் எப்படி? அவனுடைய உடம்பையும் அதேபோலத் துண்டு போட்டுக் காட்டினால் சமன் என்றும் நினைக்காதீர்கள். மல்வியின் கட்டுரையில் பெண் பார்வையாளர் எங்கே என்று பிறகு பலர் கேட்டார்கள். பெல் ஹூக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1992இல், கறுப்பினப் பெண்கள் திரை காட்டுவதை அப்படியே ஏற்காமல் எதிர்த்துப் பார்த்ததைப் பற்றி எழுதினார். உங்கள் தங்கச்சியும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். முடிந்தால் அடுத்த வீடியோவில் எடிட்டிங்குக்குப் பிறகு கூப்பிடாமல், ஷொட் பிரிக்கும்போதே அவளைக் கூப்பிடுங்கள்.

நடித்த பிள்ளைக்கும் வெளியிட முன் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். யூடியூப் தம்ப்நெயிலையும் அவவோடு சேர்ந்தே தெரிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் திருத்தியதெல்லாம் அந்த ஒரு படத்தில் திரும்பவும் பின்கழுத்து மல்லிகையாகப் போய்விடக்கூடும்.