நாங்கள் புதுச்சேரியில் இருக்கிறோம். ஏழெட்டு வயதுக் குழந்தைக்குச் சமூக அறிவியல் மூலம் யோசிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் புதுச்சேரியில் இருப்பதாகச் சொல்லியிருப்பதால், புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு ஊரிலிருந்தே தொடங்குங்கள்.

“நாடு முழுக்க ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். நம்ம ஊருக்கு மட்டும் நவம்பர் 1 அன்று ஏன் தனியாக விடுதலை நாள்?” என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், குழந்தை ஊகிக்கட்டும். அப்புறம் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய், தமிழோடு பிரெஞ்சும் எழுதியிருக்கும் தெருப் பலகைகளைக் காட்டுங்கள். ஊகத்துக்கு ஆதாரம் தேடும் பழக்கம் இப்படித்தான் வரும். இங்கே ஆண்டது பிரெஞ்சுக்காரர்கள், 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது என்பதையெல்லாம் கடைசியில் சொன்னால் போதும். ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம்.

அடுத்து, நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு. அங்கே கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் ரோம் நாட்டு ஜாடித் துண்டுகளும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஜாடி இங்கே எப்படி வந்தது? உள்ளே என்ன இருந்திருக்கும்? பதிலுக்கு நம்மவர்கள் என்ன கொடுத்திருப்பார்கள்? குழந்தை என்ன சொன்னாலும், “எதை வைத்து அப்படிச் சொல்ற?” என்று கேளுங்கள். தப்பான பதிலுக்கு மட்டும் அப்படிக் கேட்டால் குழந்தை பயந்து வாயை மூடிக்கொள்ளும்; சரியான பதிலுக்கும் கட்டாயம் கேளுங்கள்.

வரைபடம் என்றால், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொன்னால் சரி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் ஏன் இவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.