வக்கீலாக வேண்டும் என்றால் அதற்கு முன் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பது பயன்படுமா?

பயன்படும். ஹைகோர்ட்டில் இங்கிலீஷில் வெளுத்து வாங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள். பேசுவதற்கு மில்டன் தேவையில்லை.

நான் பி.ஏ. இலக்கியம், பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. தென்மாவட்டம் ஒன்றில் சிவில் பிராக்டிஸ். சட்டக் கல்லூரியில் பி.காம். பையன்கள் என்னை "வாங்க ஷேக்ஸ்பியர்" என்றுதான் கூப்பிடுவார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவுக்குத் தலைமை தாங்கிய மெக்காலேயே கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதில் திருட்டைச் சொல்லும் 378-ஆம் பிரிவின் ஓர் உதாரணத்தில், பையில் தீனி வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைப் பின்னால் வரவைக்கிறான் ஒருவன். 2024-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்து அது 303 ஆன பிறகும் அந்த நாய் இருக்கிறது. அவர்கள் உருப்போட்டதை நான் கதையாகப் படித்தேன்.

ஜூனியராக இருந்தபோது ஒரு செட்டில்மென்ட் வழக்கு. அம்மா தங்கைக்குச் சொத்தை எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லாது, அந்த வருஷம் அம்மா நினைவில்லாமல் படுத்த படுக்கை என்று அண்ணன் கேஸ் போட்டிருந்தார். நாங்கள் தங்கை பக்கம். அண்ணனுடைய புரூஃப் அஃபிடவிட்டை, அதாவது சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் சாட்சியத்தைப் படித்துக்கொண்டே போனால், கடைசிப் பக்கங்களில், அதே வருஷம் தன் மகள் காதுகுத்துக்கு அம்மா வந்து தோடு போட்டதைப் பெருமையாகச் சொல்கிறார்! கதை சொல்கிறவனை முழுசாக நம்பாதே என்று நாவல் வகுப்பில் பழகியது கைகொடுத்தது. சீனியர் குறுக்கு விசாரணையில் அந்தத் தோட்டிலிருந்துதான் ஆரம்பித்தார்.

பி.காம். படித்தவனுக்கு இது கண்ணில் படாதா என்பீர்கள். படலாம். நேராக ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தால் ஒரு வருஷம் மிச்சம் என்பதும் சரிதான், நான் மறுக்கவில்லை. இன்னொன்று, இங்கே மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மார்க்கை வைத்துத்தான் இடம். இலக்கியத்தில் மார்க் போடக் கை வராது, அதை யோசித்துக்கொள்ளுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு ஹைகோர்ட்டுக்கு இங்கிலீஷ் என்கிறது. முன்சீப் கோர்ட்டில் சாட்சி பேசுவது தமிழ்தான்.

ஆனால் எந்த டிகிரி வாங்கினாலும் வக்கீலுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். போனில் "எத்தனை பேர், சைவமா" என்று இழைவார்கள், தொழிலைச் சொன்னதும் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம் சார்". காலி பண்ணமாட்டோமாம். எங்கள் வீட்டு ஒப்பந்தம் இன்றைக்கும் மாமனார் பேரில்தான் இருக்கிறது.