கணக்கில் ருசி உள்ள பெண்ணுக்கு நகைக் கடன் எதற்கு?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மைத்துனர், "வெறும் கணக்கு படித்து என்ன செய்யப் போகிறாள்? டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேருங்கள், இரண்டரை லட்சம்தான்" என்று நெருக்குகிறாராம். வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைக்காதீர்கள், ஐயா. அந்த கோர்ஸில் சொல்லித்தரும் நிகழ்தகவும் அணிகளும் உங்கள் மகள் கல்லூரியில் படிப்பவைதான். பைத்தான் என்ற கணினி மொழியை, ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது ஒரு சான்றிதழ். அதற்கு இரண்டரை லட்சம் கடன் வாங்கினால், வட்டி கட்டுவதற்காகவே கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டிவரும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஒரே தேற்றத்தை ராத்திரி உட்கார்ந்து மூன்று விதமாக நிறுவிப் பார்த்தாள், "பரீட்சைக்கு வராததை எதற்கு எழுதுகிறாய்" என்று திட்டினேன் என்கிறீர்கள். திட்டியிருக்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

பி.எட்., வங்கித் தேர்வு, எம்.பி.ஏ. எல்லாம் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது பெங்களூரு எலஹங்காவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையம். மத்திய அணுசக்தித் துறையின் கீழ் வருவது. எண் கோட்பாட்டில் பெயர் பெற்ற கே. ஜி. ராமநாதன் 1970களில் முன்னின்று உருவாக்கிய முயற்சி அது. பி.எஸ்சி. முடித்தவுடன் அங்கே ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரலாம். எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு. ஆறு ஆண்டுவாக்கில் ஆகும்.

உள்ளே என்ன நடக்கும்? முதலில் பாடங்கள், அதுவும் கடுமையாக: பகுப்பாய்வு, அளவைக் கோட்பாடு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்ணியல் முறைகள். பிறகு ஒரு வழிகாட்டியோடு ஆய்வு. எந்த மாதிரி ஆய்வு என்று மைத்துனர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் முன்வண்டி நிற்கிறது. நெரிசலின் வால் பின்னோக்கி நகர்கிறது. அது என்ன வேகத்தில் நகரும்? அந்த வாலுக்கு முன்னும் பின்னும் நொடிக்குக் கடக்கும் வண்டிகளின் வித்தியாசத்தை, வண்டி நெருக்கத்தின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை வரும். ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விதம் (Whitham) என்ற இரு கணித அறிஞர்கள் 1955இல் சாலைப் போக்குவரத்துக்கு எழுதிய சமன்பாடு இந்த வகை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் முன்னால் எழும் அதிர்ச்சி அலைக்கும் இதே குடும்பத்துச் சமன்பாடுகள்தான். அந்தக் குடும்பத்தை ஆராய்வதில் பெயர் பெற்றது எலஹங்கா மையம்.

செலவு விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவோம். இங்கே நீங்கள் பணம் கட்டுவதைவிட அவர்கள் தருவதே அதிகம். ஆய்வு மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், அடுத்த நிலையில் 42,000. ஒருங்கிணைந்த படிப்பின் தொடக்கத்தில் இதைவிடக் குறைவாக வரும், ஆனாலும் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் போதும்.

சேர்வது சுலபம் என்று சொல்ல மாட்டேன். இடங்கள் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வு மனப்பாடத்துக்கு மசியாது. ஒரு மாதிரிக் கேள்வி: 0 முதல் 1 வரை, இரு முனைகளும் சேர்ந்த இடைவெளியிலிருந்து, முனைகள் சேராத அதே இடைவெளி முழுவதையும் எட்டும் தொடர்ச்சியான சார்பு உண்டா? கிடையாது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு ஒரு பெரும மதிப்பு இருந்தே தீரும். முனை இல்லாத இடைவெளியில் மிகப் பெரிய எண் என்று ஒன்றில்லை. இந்த இரண்டு வரியை உங்கள் மகளிடம் காட்டுங்கள். முகம் மலர்ந்தால் தயார் செய்யட்டும். "இது எதற்கு" என்று அவள் கேட்டால், நானே இந்த வழி வேண்டாம் என்பேன். ஆறு வருஷத்தை உதவித்தொகைக்காக மட்டும் ஓட்ட முடியாது. அந்த முடிவு அவளுடையது, உங்களுடையதோ மைத்துனருடையதோ இல்லை. "அதற்குள் கல்யாண வயசு தாண்டிவிடும்" என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அவள் காதுக்குப் போகாமல் நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது: கோடை விடுமுறையில் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கட்டும். கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. நான்கு வாரம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதும் பழக்கத்தை அங்கே உடைத்துவிடுவார்கள். ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள்தான் நிறுவ வேண்டும். கல்லூரி ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும், அதனால் இந்த வாரமே துறைத் தலைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுக்கான எழுத்துத் தேர்வு வழக்கமாக டிசம்பரில். விண்ணப்பத் தேதி சில வாரம் முன்பே முடிந்துவிடும். பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன, அச்செடுத்துக் கொடுங்கள்.