மெனு கார்டை எங்கிருந்து தொடங்குவது?

உணவகத் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பிறகு எங்கள் சைவ ஓட்டலை நான் கவனித்து வருகிறேன். நாற்பது பேர் அமரலாம். மெனு கார்டில் 12 பக்கங்களில் 140 அயிட்டங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் நெடுநேரம் புரட்டிவிட்டுக் கடைசியில் தோசைதான் கேட்கிறார்கள். வேறு எதையாவது கேட்டால், பாதி நேரம் சப்ளையர் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கார்டைப் புதிதாக வடிவமைக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால், கடந்த ஒரு மாதத்து பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, எது எத்தனை தட்டு போயிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு சரக்கு மாஸ்டருடன் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் மளிகை, காய்கறி, எண்ணெய், நெய்ச் செலவை, கூடவே போகும் சட்னியையும் சாம்பாரையும் விட்டுவிடாமல், எழுதிக்கொள்ளுங்கள். விற்பனை விலையில் இந்தச் செலவு போக எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்பதே முக்கியம். விழுக்காடு இதில் ஏமாற்றிவிடும். 30 ரூபாய் காபிக்குச் செலவு 10 ரூபாய், 120 ரூபாய் நெய் ரோஸ்டுக்குச் செலவு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விழுக்காட்டில் காபியே லாபமாகத் தெரியும். ஆனால் காபியில் கைக்கு வருவது 20 ரூபாய், ரோஸ்டில் வருவது 75 ரூபாய். வாடகையும் சம்பளமும் ரூபாயில்தான் கொடுக்கிறோம்.

விற்பனை எண்ணிக்கையையும் மிஞ்சும் தொகையையும் சேர்த்துப் பார்க்கும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்டு ஸ்மித்தும் 1982-இல் வகுத்தார்கள். ஒரே வகையைச் சேர்ந்தவற்றையே தமக்குள் ஒப்பிட வேண்டும். தோசையைக் காபியோடு ஒப்பிடக் கூடாது. உங்களிடம் 20 வகைத் தோசைகள் இருந்தால் ஒவ்வொன்றின் சமபங்கு 5 விழுக்காடு. அதில் 70 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 3.5 விழுக்காட்டை எட்டும் தோசையே நன்றாக ஓடுவது. மாதம் 4,000 தோசை போகிறதென்றால், 140-க்குக் குறைவாகப் போவதெல்லாம் ஓடாத பட்டியலில் சேரும். மிஞ்சும் தொகை அந்த வகையின் சராசரியைவிடக் கூடுதலா, குறைவா என்பது அடுத்த சோதனை.

நன்றாக ஓடி, தொகையும் மிஞ்சுபவற்றின் பக்குவத்தில் கை வைக்காதீர்கள்; ஒவ்வொரு பிரிவிலும் அவற்றையே முதலில் எழுதுங்கள். ஓடாமலும் மிஞ்சாமலும் இருப்பவற்றை எடுத்துவிடுங்கள். யோசிக்க வேண்டியது நடுவில் நிற்கும் இரண்டு கூட்டங்களைப் பற்றித்தான். உதாரணமாக, நிறைய விற்றும் குறைவாக மிஞ்சும் இட்லியின் விலையைச் சட்டென ஏற்றினால், காலையில் அதற்காகவே வருகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதைப் பொங்கல், வடையுடன் சேர்த்து மினி டிபனாகக் கொடுப்பது நல்ல வழி. மாறாக, அடை-அவியல் நன்றாக மிஞ்சியும் யாரும் கேட்காமல் இருந்தால், அது ஒன்பதாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா, சப்ளையர் அதைச் சொல்வதே இல்லையா என்று பாருங்கள்.

இந்த முறை ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை: தோசைக்கல். ரவா தோசை முறுகுவதற்குள் அதே கல்லில் சாதா தோசைகள் இரண்டு தடவை ஊற்றி எடுத்துவிடலாம். மாலைக் கூட்டத்தில் எது கல்லை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் எழுதிவைத்து முடிவெடுங்கள். நான்கு பேர் வேலை செய்யும் சமையற்கட்டுக்கு 45 அயிட்டங்களுக்கு மேல் தாங்காது என்பது என் கருத்து.

இனி எழுத்து. காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை டிபன் என்று நேரப்படி மூன்று தனி அட்டைகள் போட்டால், 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடமே பெரும்பாலும் வராது. இட்லிக்கு விளக்கம் தேவையில்லை; 'ஸ்பெஷல் தோசை' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது, உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று ஒரு வரி வேண்டும். நெய் என்று எழுதினால் கல்லில் நெய்யே விழ வேண்டும். தமிழ் எழுத்து பெரிதாக, கண்ணாடியை மறந்து வந்த பெரியவரும் படிக்கும்படி இருக்கட்டும். பளபளக்கும் லேமினேஷனில் டியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்தை மறைக்கும்.

கேள்வி: வாடிக்கையாளரின் கண் முதலில் வலது பக்கத்தின் மேற்பகுதிக்குத்தான் போகும், விலை உயர்ந்தவற்றை அங்கே போடுங்கள், ரூபாய் குறியீட்டை எடுத்துவிடுங்கள் என்று வடிவமைப்பாளர் சொல்கிறார். இது சரியா?
– வாசகி, கோவை

பதில்: முதல் யோசனையை நம்ப வேண்டாம். சிபில் யாங் என்ற ஆய்வாளர் கண்ணசைவுகளைப் பதிவு செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் மெனுவைப் புத்தகம் போல வரிசையாகவே படிக்கிறார்கள் என்று கண்டார். இரண்டாவதற்கு ஓர் ஆதாரம் உண்டு. 2009-இல் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், டாலர் குறியில்லாமல் எண் மட்டும் அச்சிட்ட மெனுவைப் பெற்றவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். ஆனால் அது நியூயார்க் மாநிலத்தில் ஒரே ஓர் உணவகத்தில் மதிய உணவு வேளையில் நடந்தது. குறியீட்டை எடுப்பதில் தவறில்லை. விலையைப் பொடி எழுத்தில் ஒளிப்பது தவறு. கையிலிருக்கும் பணத்தை எண்ணிக்கொண்டு குழந்தையோடு உள்ளே வருகிறவருக்கு, உட்கார்ந்தவுடன் விலை தெரிய வேண்டும்.

கேள்வி: மெனு கார்டில் கலோரி அளவைப் போட வேண்டியது எல்லா ஓட்டல்களுக்கும் கட்டாயமா?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) நேரடியாகத் தரும் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களும் மட்டுமே கலோரியைக் குறிப்பிட வேண்டும். நிலக்கடலை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய குறிப்பும் அவர்களுக்கு உண்டு. தனிக்கடை வைத்திருந்தாலும், சட்னியில் நிலக்கடலை சேர்ப்பவர்கள் அதை அட்டையில் எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு சொல் உயிர் காக்கும். விலையில் ஜிஎஸ்டி அடங்குமா, தனியா என்பதையும் அதே அட்டையில் போட்டுவிடுங்கள்.