ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என் டீசல் கார் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. போன மாதம் பெய்த பெருமழைக்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), பவர் ஸ்டியரிங் விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. சில நிமிடம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு யூ0121 என்ற கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீடு) வருவதாகச் சொல்லி, ஏபிஎஸ் யூனிட்டை மாற்ற 48 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எலக்ட்ரானிக் பாகம் என்பதால் பொருத்திய பிறகு திரும்ப எடுக்க மாட்டார்களாம். மாற்றட்டுமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கோடு ஏபிஎஸ் யூனிட் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஏபிஎஸ்ஸிடமிருந்து தகவல் வரவில்லை என்று மற்ற யூனிட்டுகள் புகார் செய்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் அவருடைய போன் பழுது என்று முடிவுகட்டிவிட மாட்டோம் அல்லவா? சார்ஜ் தீர்ந்திருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம். உங்கள் காரிலும் அந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

எஞ்சின், ஏபிஎஸ், ஸ்டியரிங், மீட்டர் எல்லாம் இன்று தங்களுக்குள் பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாக. போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறை இது. பெரும்பாலான கார்களில் வேகத்தைக் கணக்கிட்டு மற்றவர்களுக்குச் சொல்வது ஏபிஎஸ்தான். அதன் பேச்சு நின்றால் ஸ்பீடாமீட்டர் விழும், வேகம் தெரியாமல் பவர் ஸ்டியரிங்கும் விளக்கைப் போடும். ஆக, நீங்கள் பார்த்தது மூன்று கோளாறுகள் அல்ல, ஒன்றுதான். அதுவும் மழைக்குப் பிறகு வந்து வந்து போகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் கனெக்டர், எர்த், வயரிங் மேல்தான். பல கார்களில் ஏபிஎஸ் கனெக்டர் எஞ்சின் அறையில் தண்ணீர் படக்கூடிய இடத்தில் இருக்கிறது. ஈரம் புகுந்தால் பின்களில் பச்சை பூக்கும். எலி கடித்த வயரையும் மறக்க வேண்டாம், நம் ஊரில் அது சாதாரணம்.

சரி, சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது? முதலில், காரின் எல்லா யூனிட்டுகளையும் ஸ்கேன் செய்த முழு அறிக்கையைக் கேளுங்கள். எந்த யூனிட் யாரைக் குறை சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் ஏபிஎஸ்ஸை மட்டும் காணவில்லை என்றால் தேட வேண்டிய இடம் ஏபிஎஸ்ஸுக்குப் போகும் ஃபியூஸ், எர்த், வயர், கடைசியாக அந்த யூனிட். எல்லோரும் எல்லோரையும் காணவில்லை என்றால் பொது வயரிலேயே கோளாறு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே வோல்டேஜ் குறைவு என்று ஒரு கோடு பதிவாகியிருந்தால் பேட்டரியையும் எர்த்தையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நலிந்த பேட்டரி ஒன்றே இப்படிப் பல கோடுகளைக் கிளப்பிவிடும்.

அடுத்தது மல்டிமீட்டர் சோதனை. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 6-வது பின்னுக்கும் அதற்கு நேர் கீழே இருக்கும் 14-வது பின்னுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பார்ப்பார்கள். கேன் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு, அதனால் சேர்ந்து 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில கார்களில் சாக்கெட்டுக்கும் உள் வயருக்கும் நடுவே தகவலைக் கடத்திவிடும் கேட்வே யூனிட் இருக்கும், அங்கே எடுத்த அளவு உள் வயரைப் பற்றி எதுவும் சொல்லாது. வயரிங் வரைபடத்தைப் பார்த்து வேறு இடத்தில் அளக்க வேண்டும். இன்னொன்று, உங்களுடையது விட்டுவிட்டு வரும் கோளாறு. காய்ந்த நிலையில் 60 காட்டிவிட்டது என்று அதோடு விட்டுவிடக் கூடாது. மீட்டரைப் பார்த்தபடியே வயரிங்கையும் கனெக்டரையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியில் போட்ட ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், ரிமோட் லாக் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

வயரைத் தேடிப் பிடிப்பது பொறுமையான வேலை. அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்தக் கூலியை வாங்க வழியில்லாததால்தான் பல இடங்களில் யூனிட்டை மாற்றுவதே சுலபம் என்று ஆகிவிட்டது. இத்தனையும் பார்த்த பிறகும் ஏபிஎஸ் யூனிட்தான் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். 48 ஆயிரத்தில் கோடிங்கும் (புது யூனிட்டை உங்கள் காருக்கு ஏற்றபடி அமைக்கும் வேலை) பிரேக் ஆயில் ஏர் எடுக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை கவனமாக ஓட்டுங்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் அவசரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ரீடர் வாங்கினால் இதையெல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எஞ்சின் கோடுகளைப் பார்க்கப் போதும். மலிவான ரீடர்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் யூனிட்டுகளுடன் பேசாது. அதனால் 'கோடு எதுவும் இல்லை' என்று வந்தால் கார் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா யூனிட்டுகளையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டுமென்றால், உங்கள் காரின் மாடலும் வருடமும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெக்கானிக் பார்ப்பதற்கு முன்னால் கோடுகளை அழிக்காதீர்கள், கோளாறு எந்த நிலையில் வந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். அப்புறம், சாக்கெட்டிலேயே செருகி விட்டுவிடாதீர்கள், வண்டி நாள்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும்.

கேள்வி: யூனிட்டை மாற்றிப் பணமும் கட்டிவிட்டேன். மூன்றே வாரத்தில் அதே கோளாறு. இப்போது இன்னொரு யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள். நான் ஏமாந்தது ஏமாந்ததுதானா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. சரியாகக் கண்டுபிடிக்காமல் பாகம் மாற்றுவது சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடமிருக்கிறது. இரண்டாவது யூனிட்டுக்குச் சம்மதிக்கும் முன், முதல் முறை என்னென்ன அளந்தார்கள், என்ன அளவு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வெளியில் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டி அவர் கண்டதை அளவுகளோடு எழுதி வாங்குங்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கழற்றிய பழைய யூனிட் அவர்களிடம் இருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். அது நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் பக்கத்துக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.