மனப்பாடம் வேண்டாம், வாளையாறு தெரிந்தால் போதும்

அன்புள்ள அம்மா,

மகன் பி.காம் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்காணல்களுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறான், தமிழ் வழியில் படித்ததால்தான் இந்தக் கதி என்று கேரளத்தின் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அறிமுகத்தையும் அனுப்பியிருந்தீர்களே, சிக்கல் அதில்தான். "கடின உழைப்பாளி, நேர்மறை எண்ணம் உள்ளவன், பொழுதுபோக்கு கிரிக்கெட்." எதிரே இருப்பவர் காலையிலிருந்து பலரிடம் இதையே கேட்டிருப்பார். அடுத்து ஒரு குறுக்குக் கேள்வி போட்டால் பையனுக்கு நா எழாது, ஏனென்றால் அந்த வரிகள் அவனுடையவை அல்ல.

அவனிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. ஊர்க் கடைக்குக் கோவையிலிருந்து ஒரு பம்ப்செட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு மாநிலம் தாண்டி வருவதால் பில்லில் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கான ஜிஎஸ்டி வரி, இருக்கும். அதே பம்ப்செட்டைக் கடைக்காரர் உள்ளூர் விவசாயிக்கு விற்கும்போது சிஜிஎஸ்டியும் (மத்திய அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசின் பங்கு) போடுவார். வாங்கும்போது கட்டிய ஐஜிஎஸ்டியை விற்பனையில் வந்த இந்த இரண்டு வரிகளிலும் கழித்துக்கொள்ளலாம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கைக் கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு, வேண்டும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு மாநில எல்லையில் உள்ள வாளையாறு சோதனைச் சாவடியில் வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசைகட்டி நின்றதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் ஒரு பாடமாக இருப்பது உங்கள் ஊரில் தெருவிலேயே நடக்கிறது. இந்த வாரமே தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு, பத்துப் பில்களை வாங்கி, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இப்படித் தொடங்கலாம்: "எங்கள் ஊர் கேரள எல்லையில் இருக்கிறது. அங்கே ஒரு கடையின் கொள்முதல், விற்பனை பில்களை டேலியில் பதிந்து பழகியிருக்கிறேன். வெளிமாநிலக் கொள்முதலுக்கான வரிக் கழிவும் பார்த்திருக்கிறேன்." இதற்குமேல் அவர் எதைக் கேட்டாலும் பையன் தான் செய்ததைத்தான் சொல்லப்போகிறான்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். முதல் நான்கைந்து வாக்கியங்களைச் சிறிய, பிழையில்லாத ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "விவரத்தைத் தமிழில் சொல்லலாமா?" என்று கேட்கட்டும். கோவையில் இதற்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். மலையாளமும் பேசுவான் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பாலக்காடு, திருச்சூர் வாடிக்கையாளர்களோடு தினமும் பேச வேண்டிய நிறுவனங்களுக்கு அப்படி ஓர் ஆள் தேவை. இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். தெரியாத கேள்விக்கு "இதை நான் செய்ததில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். மழுப்பினால் அடுத்த கேள்வியில் அகப்பட்டுக்கொள்வான்.

சான்றிதழ்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கேரளப் பள்ளிச் சான்றிதழ்களில் இனிஷியல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும், தமிழ்நாட்டில் முன்னால். ஆதார், பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லையென்றால் திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்த பிறகு அலைவது கொடுமை.

வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ்ஸை நம்பி நேரத்தைக் கணக்குப் போடுவதானால் ஒரு பஸ் முன்னதாகவே ஏறட்டும். பணம் கட்டினால் வேலை என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சம்பளத்தைப் பற்றி அவனாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர்கள் கேட்டால் சொல்வதற்கு, பஸ் செலவும் சாப்பாடும் போக எவ்வளவு தேவை என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், அம்மா. துணைக்கு என்று அந்த அலுவலக வாசல் வரை போகாதீர்கள். மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் "கிடைத்துவிட்டதா?" என்ற கேள்வியும் வேண்டாம். அவன் எத்தனை நொந்து வருகிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு "என்னென்ன கேட்டார்கள்?" என்று கேட்டு, பதில் வராத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்கு வேலைக்குக் கேட்பதெல்லாம் வங்கிச் சரிகட்டும் பட்டியல் (நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது), தேய்மானம், வரிப் பதிவு என்று சுற்றிச் சுற்றித்தான் வரும். அடுத்த நேர்காணலுக்கு முன்பு அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். விடைகளை அவனோடு உட்கார்ந்து பேசித் தயார் செய்வோம்.