வாட்டர் ஹீட்டரில் ஏமாற்றிவிட்டார்களா? (மின்சாரம்: கேள்வி பதில்)

கேள்வி: புதிதாக 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் வாங்கினேன். 1,500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. தண்ணீர் சுட ரொம்ப நேரமாகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஹீட்டர் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார்: 188 வோல்ட், 5.3 ஆம்பியர். பெருக்கினால் 1,000 வாட்ஸ்கூட வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? கரண்ட் பில்லும் ஏறுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கடைக்குச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். பெருக்கியது சரிதான், 996 வாட்ஸ் வருகிறது. ஆனால் அதே இரண்டு எண்களை வகுத்தும் பார்த்திருக்க வேண்டும். 188-ஐ 5.3-ஆல் வகுத்தால் 35.5 ஓம், அதுதான் உள்ளே இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. பெட்டியில் போட்டிருக்கும் 1,500 வாட்ஸ் என்பது 230 வோல்ட் வந்தால் கிடைக்கும் கணக்கு. அதற்குக் காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 1,500-ஆல் வகுங்கள், 35.3. ஆக, காயில் அசல் 1,500 வாட்ஸ் காயில்தான், உங்கள் வீட்டுக்கு வரும் வோல்ட்தான் குறைச்சல்.

வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது, இரண்டையும் பெருக்கித்தானே வாட்ஸ், அதனால் அடி இரட்டிப்பாக விழுகிறது. 230-க்கு 188 என்பது 18 சதவீதம்தான் குறைவு, ஆனால் வாட்ஸில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 1,500 வாட்ஸில் கால் மணி நேரம் போதும், உங்களுக்கு 23 நிமிடம் ஆகும். பில் பற்றிக் கவலை வேண்டாம்: மெதுவாக இழுக்கிறது, அதிக நேரம் இழுக்கிறது, எப்படிப் பார்த்தாலும் கால் யூனிட்டுக்கு மேல், அரை யூனிட்டுக்குள்தான்.

சரி, வோல்ட் எங்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. ஹீட்டரை அணைத்துவிட்டு அதே பிளக்கில் வோல்ட் பாருங்கள். அணைத்திருக்கும்போதும் 190 பக்கம்தான் என்றால் கோளாறு அநேகமாகத் தெரு லைனில், மின்வாரியத்தில் எழுதிக்கொடுங்கள். மாறாக, அணைத்தால் 215, போட்டால் 188 என்று விழுந்தால் அந்த 27 வோல்ட்டை வழியில் ஏதோ தின்கிறது. 27-ஐ 5.3-ஆல் பெருக்கினால் 143 வாட்ஸ், அவ்வளவு சூடும் ஏதோ ஒரு லூஸ் கனெக்‌ஷனிலோ, ஹீட்டருக்குப் போதாத மெல்லிய வயரிலோ இறங்குகிறது என்று அர்த்தம். பிளக் பின் கறுத்திருக்கிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பார்த்து, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டரைப் போட்டால் வோல்ட் விழும் இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பயம்.

ஹீட்டருக்கென்று ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், எட்டு நிமிடம் காத்திருப்பது லாபம்.

கேள்வி: 100 வாட்ஸ் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம்தான் காட்டுகிறது. ஓம் விதி தப்பா?
- பிளஸ் 1 மாணவி, தென்காசி

பதில்: நல்ல கேள்வி, பாடப் புத்தகத்தோடு நிற்காமல் மீட்டரை எடுத்துப் பார்த்ததற்கே ஒரு சபாஷ். ஜெர்மானியரான ஓம் 1827-ல் வெளியிட்ட விதி (வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வரும் ஓம் மாறாது என்பது) வெப்பநிலை மாறாதவரைக்கும்தான். நீங்கள் அளந்தது குளிர்ந்து கிடக்கும் டங்ஸ்டன் இழை. எரியும்போது அது 2,500 டிகிரி பக்கம் போகிறது, ரெசிஸ்டன்ஸ் பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அப்போதுதான் 529. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் இழை 40 ஓம்தான், 5 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'டப்' என்று போவது அதனால்தான். ஹீட்டர் காயில் நிக்ரோம் என்ற உலோகக் கலவை, சூட்டில் அவ்வளவாக மாறாது, ஆகவே மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லும். கரண்ட் ஓடும் எதிலும் மீட்டரை ஓம் பக்கம் வைத்துத் தொடவே கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: 1 எச்.பி. போர் மோட்டார் 220 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1,540. ஒரு எச்.பி. 746 வாட்ஸ்தானே?
- வாசகர், பல்லடம்

பதில்: 746 என்பது மோட்டார் வெளியே தரும் வேலை, உள்ளே வாங்குவது எப்போதும் அதைவிட அதிகம். மோட்டாருக்குப் பெருக்கினால் மட்டும் போதாது, பவர் ஃபாக்டரையும் (பெருக்கி வருவதில் உண்மையான வாட்ஸ் எத்தனை பங்கு என்பதை) சேர்த்துப் பெருக்க வேண்டும், அது 0.8 என்று வைத்தால் சுமார் 1,230 வாட்ஸ், அதற்குத்தான் யூனிட் ஓடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து ரெசிஸ்டன்ஸ் என்று எழுதிவைக்காதீர்கள், ஓடும் மோட்டாரில் அது காயிலின் ஓம் அல்ல. அப்புறம், ஹீட்டருக்கு நேர் எதிராக, வோல்ட் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரைத் தள்ள இன்னும் அதிக ஆம்பியர் இழுத்துக் காயிலைக் கருக்கிக்கொள்ளும். மன்னார்குடிக்காரர் வீட்டு 188 வோல்ட் உங்கள் ஊரில் வந்தால் மோட்டாரைப் போடாதீர்கள்.